அறியாக் குரலுக்கு ஒரு செவி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

‘சுவைஞர் கடன்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் என்னைப் பணித்தார். தமிழ் விரிவுரையாளர் என்பதனால் நான் ஓர் உரையாசிரியரையோ பதிப்பாசிரியரையோ பற்றிப் பேசுவேன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டிருப்பவரோ இங்கிலாந்து நாட்டு வானொலியில் இரவு நேரத்தில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டவர். கவிஞராகவோ இசைவாணராகவோ அவர் புகழ்பெறவில்லை. பிறர் பாடியதைக் கேட்டார்; கேட்டதில் நல்லதென்று தமக்குத் தோன்றியதை நாட்டுக்குக் கேட்பித்தார். 37 ஆண்டுகள் ஒரே வானொலியில் இதைச் செய்தார். அவர் பெயர் ஜான் பீல்.

கவிஞர் அவையில் இவருக்கு என்ன இடம் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையாக முதலில் நம் வீட்டுச் செய்தி ஒன்றை நினைவூட்ட விழைகிறேன்.

குறுந்தொகையின் நாற்பதாம் பாடலைப் பாடியவர் யார்? செம்புலப்பெயனீரார். அது அவருடைய இயற்பெயர் அன்று. அவர் ஆண்ட உவமையையே பின்னோர் அவர்க்குப் பெயராக்கினர். அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் ஆகியோரின் பெயர்களும் இங்ஙனம் அமைந்தவையே. தந்தை யார், ஊர் எது, எம்மன்னன் அவையில் இருந்தார் என்பன யாவும் மறைந்துவிட்ட நிலையிலும் பாட்டு மட்டும் நின்றது. அது எப்படி நின்றது? பூரிக்கோ என்னும் தொகுப்பாளர் ஒருவர் இருந்தார். பெயர் தெரிந்த கபிலரையும் பரணரையும் எடுத்த அதே கையால், பெயர் தெரியாத ஒருவரின் ஒற்றைப் பாடலையும் எடுத்து அவர் அருகிலேயே வைத்தார். பாடினோர்க்கு நாம் பட்ட கடன் பெரிது. கேட்டுத் தேர்ந்து காத்தோர்க்குப் பட்ட கடனை நாம் எண்ணிப் பார்ப்பதே அரிது. அக்கடனை எண்ணிப் பார்க்கவே நம் காலத்தை ஒட்டி வாழ்ந்த ஒருவரை எடுத்துக்கொண்டேன்.

கப்பலிலிருந்து வந்த குரல்

ஜான் ராபர்ட் பார்க்கர் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பது பீலின் இயற்பெயர். 1939ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30ஆம் நாள், லிவர்பூலுக்கு அருகிலுள்ள ஹெஸ்வால் என்னும் ஊரில் பருத்தி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கட்டாயப் படைப்பணியை முடித்தபின் 1960இல் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்திற்குச் சென்றார். அங்கே சிறு சிறு வேலைகள் பார்த்து, மெல்ல வானொலிக்குள் நுழைந்தார். 1967இல் தாயகம் திரும்பி ‘ரேடியோ லண்டன்’ என்னும் வானொலியில் சேர்ந்தார்.

அது கரையில் இருந்த நிலையம் அன்று. அரசின் உரிமம் பெறாமல், கடலில் நின்ற கப்பலிலிருந்து ஒலிபரப்பிய நிலையம். அங்கு நள்ளிரவுக்குப் பின்னான நேரம் இவர்க்கு வாய்த்தது. அந்நேரத்தில் என்ன ஒலிபரப்பாகிறது என்பதை நிலையத்தார் பெரிதாகக் கவனிக்கவில்லை என்பதைக் கண்டுகொண்டு, விற்பனைப் பட்டியலைப் புறந்தள்ளித் தம் மனத்துக்குப் பிடித்த புதிய இசையையே ஒலிக்கச் செய்தார். நேயர்களின் மடல்கள் வந்து குவிந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் இத்தகைய கப்பல் வானொலிகளைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ‘ரேடியோ லண்டன்’ மூடப்பட்டது. செப்டம்பர் 30இல் பி.பி.சி. நிறுவனம் ‘ரேடியோ 1’ என்னும் இளைஞர் வானொலியைத் தொடங்கியபோது பீல் அங்கே இடம்பெற்றார். தொடக்க நாளில் உடனிருந்தோர் ஒவ்வொருவராக விலகிச் சென்றனர். அவரோ 2004ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், பெரு நாட்டின் குஸ்கோ நகரில் மாரடைப்பால் மறையும் வரை அதே வானொலியில் நீடித்தார். அப்போது அவர்க்கு வயது 65.

புகழ்ச்சியோடு நில்லாத ஆதரவு

புதியவர்களை ஆதரித்தவர் என்று ஒருவரைச் சொல்லும்போது, நல்ல சொல் சொன்னார், தோளைத் தட்டினார் என்ற அளவில் பொருள்கொள்வது நம் வழக்கம். பீலின் ஆதரவு அவ்வளவில் நிற்கவில்லை.

அந்நாளில் பிரித்தானிய வானொலியில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. இசைத்தட்டுகளை நாளொன்றுக்கு இத்தனை மணி நேரமே ஒலிபரப்பலாம் என்று இசைத்தட்டு நிறுவனங்களும் இசைக்கலைஞர் சங்கமும் வரையறுத்திருந்தன. எஞ்சிய நேரத்திற்கு வானொலியே கலைஞர்களை அழைத்துப் பாடவைக்க வேண்டும். பிறர் இதனை ஓர் இடையூறாகக் கருதினர். பீலும் அவருடைய தயாரிப்பாளர் ஜான் வால்டர்சும் இதனைப் புதியவர்க்குரிய வாயிலாக்கினர். இசைத்தட்டு ஒன்றேனும் வெளியிடாத குழுவினரை இலண்டனுக்கு அழைத்தனர். பி.பி.சி.யின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு நாள் பொழுது. தேர்ந்த பொறியாளர்கள் உடனிருப்பர். பெரும்பாலும் நான்கு பாடல்கள். காலையில் வந்து கருவிகளை இறக்கியவர்கள் இரவுக்குள் பதிவை முடித்துவிட்டுத் திரும்புவர். அதற்கு ஊதியமும் உண்டு. சில கிழமைகளுக்குப் பின் அவர்கள் குரல் நாடு முழுவதும் ஒலிக்கும்.

இங்ஙனம் பதிவானவை 4000க்கும் மேல். பாடியவர்கள் 2000க்கும் மேற்பட்ட கலைஞர்களும் குழுக்களும். இசைத்தட்டு நேரக் கட்டுப்பாடு 1988இல் நீங்கியது. கட்டாயம் நீங்கிய பின்னும் பதிவுகள் நிற்கவில்லை. தேவைக்காகத் தொடங்கிய வழக்கம் அதற்குள் அறமாக வேரூன்றிவிட்டது எனலாம்.

நான் இங்கே அழுத்திக் கூற விரும்புவது ஊதியத்தையும் ஒலிப்பதிவுக் கூடத்தையும்தான். தொழிற்சாலை ஊரொன்றில் வேலையற்றிருக்கும் நான்கு இளைஞர்க்கு, ‘நீங்கள் நன்றாக இசைக்கிறீர்கள்’ என்ற சொல் இனிப்பது உண்மையே. ஆனால் ‘வாருங்கள், இந்த நாள் உங்களுடையது, இதோ கருவிகள், இதோ கூலி’ என்ற சொல்லன்றோ அவர்களைக் கலைஞராக்குகிறது!

ஒரே இரவில் இருமுறை

1978ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். வட அயர்லாந்தின் டெரி நகரத்து இளைஞர் ஐவர் ‘தி அண்டர்டோன்ஸ்’ என்ற பெயரில் ஒரு குழு நடத்தினர். 1972 ஜனவரியில் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் ஒரே நாளில் 13 பேர் மாண்ட நகரம் அது. அந்நகரிலிருந்து வந்த இவர்கள் பாடியது போரை அன்று, பதின்பருவத்துக் காதலை. பெல்ஃபாஸ்டில் இருந்த ஒரு சிறு நிறுவனம் ‘டீனேஜ் கிக்ஸ்’ என்னும் அப்பாடலை வெளியிட்டது. இரண்டரை நிமிடமும் நிறையாத பாட்டு. இசையிலக்கண நுட்பம் தேடுவோர்க்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

பீல் அதனை ஒலிபரப்பினார். முடிந்தவுடன் மீண்டும் ஒருமுறை ஒலிபரப்பினார். வானொலி மரபில் இது வழுவே ஆகும். ஆயினும் தம்மை நெகிழ்வித்த ஒன்றின்முன் மரபு பார்த்து நிற்க அவரால் இயலவில்லை. அக்குழுவை விரைவிலேயே ஓர் அமெரிக்க நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. பீலோ இறுதிவரை அப்பாட்டைத் தமக்கு மிகவும் உகந்தது என்றே சொல்லிவந்தார். அதன் வரியொன்றைத் தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்றும் விரும்பினார். சஃபோக் மாவட்டத்தில் அவர் வாழ்ந்த சிற்றூரின் தேவாலயத்தை அடுத்துள்ள கல்லறையில் அவ்வரி பொறிக்கப்பட்டிருக்கிறது. தம்மிடம் வந்த அறியாக் குரல் ஒன்றைத் தம் இறுதி அடையாளமாக ஏற்ற சுவைஞர் வேறொருவர் இருப்பாரா என நான் வியப்பதுண்டு.

சுவையை மாற்றிக்கொள்ளும் துணிவு

அன்பர்களே! புதியவரை வரவேற்பதில் ஒரு பெரிய இடர் உண்டு. இருபது வயதில் நாம் எதைப் புதுமை என்று கொண்டாடினோமோ, நாற்பது வயதில் அதுவே நமக்கு மரபாகிவிடுகிறது. அதன்பின் வருவதெல்லாம் நமக்குக் கூச்சலாகவே தோன்றுகிறது. பீலுக்கும் அச்சோதனை வந்தது.

1976இல் அவர்க்கு 36 வயது. நீண்ட, அலங்காரம் மிகுந்த பாடல்களை விரும்பும் நேயர் கூட்டம் ஒன்று அவரைச் சூழ்ந்திருந்தது. அவ்வாண்டு அமெரிக்காவின் ‘ரமோன்ஸ்’ குழுவின் இசைத்தட்டு அவர் கைக்கு வந்தது. அதுவும் அதனைத் தொடர்ந்து இங்கிலாந்தில் எழுந்த ‘பங்க்’ இசையும் கரடுமுரடானவை. விரைவும் சினமும் மிக்கவை. பழைய நேயர்கள் வெகுண்டு எழுதினர். பீல் பின்வாங்கவில்லை. பழைய நேயர் பலர் விலகினர், இளையோர் வந்தனர்.

அவ்வாண்டு அவர் தொடங்கிய வழக்கம் ஒன்று இம்மாற்றத்திற்குச் சான்றாகிறது. ஆண்டிறுதியில் நேயர்கள் வாக்களித்து ஐம்பது பாடல்களைத் தேர்ந்தெடுப்பர். 1976இல் முதலிடம் பெற்றது ‘லெட் செப்பலின்’ குழுவின் ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’. 1978இல் முதலிடம் பெற்றது ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ குழுவின் ‘அனார்க்கி இன் தி யு.கே.’. இரண்டே ஆண்டுகளில் ஓர் அவையின் சுவை மாறியது. அவையின் சுவை கல்லில் எழுதியது அன்று. கேட்பிப்போர் துணிந்தால் கேட்போரும் வளர்வர் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

அவர் பங்கோடும் நின்றுவிடவில்லை. ஜமைக்காவின் ரெகே இசையும், ஜிம்பாப்வேயின் ‘பூண்டு பாய்ஸ்’ குழுவும், பிற்காலத்தில் கணினியால் ஆன நடன இசையும் அவர் நிகழ்ச்சியில் அடுத்தடுத்து ஒலித்தன. புகழ்பெற்றதற்குப் பின்னும் முன்னும் அறியப்படாதது. இனிமையை அடுத்து இரைச்சல். கேட்பவர் எதையும் முன்கூட்டி ஊகிக்க இயலாது. இதுவரை கேளாத ஒன்றைக் கேட்க வேண்டும் என்பதே தம் அவா என்று அவர் பலமுறை கூறியதுண்டு. சில இரவுகளில் நிமிடத்திற்கு 33 சுற்றில் ஓடவேண்டிய தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுவிட்டு, நேயரிடம் பிழை பொறுக்கும்படி வேண்டுவார். அப்பிழைகளும் அந்நிகழ்ச்சியின் அடையாளமாகவே நிலைபெற்றன. குற்றமற்ற குரலில் பேசும் அறிவிப்பாளர்கள் பலர் இருந்தனர். கேட்பவரோடு தாமும் ஒருவராய் அமர்ந்து கேட்டவர் இவர்.

புகழ் வருமுன் உடனிருத்தல்

1981இல் ஷெஃபீல்டு நகரத்தில் பீலைக் கண்ட ஜார்விஸ் காக்கர் என்னும் இளைஞர் தம் குழுவின் ஒலிநாடா ஒன்றை அவர் கையில் கொடுத்தார். வீட்டிற்குப் போகும் வழியில் தூக்கியெறியத்தக்க பொருள்தான் அது. பீல் கேட்டார், ஒலிப்பதிவுக்கு அழைத்தார். அவ்வாண்டு நவம்பரில் ‘பல்ப்’ என்னும் அக்குழு பி.பி.சி.யில் பாடியபோது காக்கருக்கு வயது 18. அக்குழுவின் பெயரை நாடே அறிந்தது 1995இல், ‘காமன் பீப்புள்’ என்ற பாட்டின் வழியாக. இடையில் பதினான்கு ஆண்டுகள்!

இதைக் கூறும்போது ஒரு பிழையான முடிவுக்கு நாம் வந்துவிடக்கூடாது. பின்னாளில் புகழ்பெறப் போகிறவரை முன்கூட்டியே கண்டுகொண்டவர் என்பதால் பீல் பெரியவர் அல்லர். அது குதிரைப் பந்தயத்தில் வெல்பவரைப் போற்றுவது போன்றதாகும். அவர் அழைத்த இரண்டாயிரவரில் மிகப் பலரை உலகம் இன்றும் அறியாது. நான்கு பாடல் பாடினர், ஊர் திரும்பினர், வேறு தொழில் பார்த்தனர். அந்த நான்கு பாடல் நன்றாக இருந்தன என்பதே பீலுக்குப் போதுமானதாயிற்று. ‘தி ஃபால்’ என்னும் மான்செஸ்டர் குழு பெருந்திரளின் புகழை என்றுமே பெறவில்லை; அக்குழுவை 1978 முதல் 2004 வரை 24 முறை அழைத்துப் பதிவு செய்தார். மாறாக, 1960களின் பிற்பகுதியில் அவர் பெரிதும் ஆதரித்த மார்க் போலன் 1971 அளவில் நாடு போற்றும் நட்சத்திரமானபோது இருவருக்கும் இடையே இடைவெளி விழுந்தது. புகழ் வந்தபின் அவர் புதியவர் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட்டம் சேர்ந்த பந்தலில் தம் விசிறிக்கு வேலையில்லை என்று நினைத்தார் போலும்!

இவரை நான் குறையற்றவராகக் காட்ட விரும்பவில்லை. 1965இல் டெக்சாசில் பதினைந்து வயதே ஆன சிறுமியை அவர் மணந்தார் என்பது உண்மை, அதற்காகப் பிற்காலத்தில் கண்டிக்கப்பட்டார், அக்கண்டனம் முறையானதே. ஒருவர் ஆற்றிய பணியைப் போற்றுதல் வேறு. அவரைத் தொழுதல் வேறு. இப்பணியில் நாம் கற்கத்தக்கது உண்டு. அதனை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நம் அவையும் நம் செவியும்

இனி நம் வட்டத்திற்கு வருகிறேன். நல்லதொரு விழாவில் கசப்பானது ஒன்றைக் கூற நேர்வதற்குப் பொறுத்தருள்க. அக்கசப்பு முதலில் என்னைப் பற்றியதே.

அச்சாகவிருக்கும் விழா மலர்க்குக் கவிதைகள் தெரிந்தெடுக்கும் குழுவில் என்னையும் சேர்த்திருந்தீர்கள். உறை ஒன்றைப் பிரித்துத் தாளைக் கையில் எடுத்தவுடன் என் கண் சென்ற இடம் எது தெரியுமா? முதல் வரி அன்று. கடைசி வரிக்குக் கீழே, பெயர் எழுதியிருக்கும் இடம். பெயர் தெரிந்ததாயின் கண் மேலேறிக் கவிதையை நிதானமாகப் படித்தது. தெரியாததாயின் விரைந்து படித்தது. பள்ளிக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த கோடிட்ட தாள் ஒன்று வந்தது. இரண்டிடத்தில் எழுத்துப் பிழை. கீழே முதலெழுத்து ஒன்றும் ஊர்ப் பெயரும் மட்டும். நான் அதனை அடியில் வைத்துவிட்டேன்.

ஒரு கிழமை கழித்துக் குழு கூடியபோது, நம் மூத்த உறுப்பினர் ஒருவர் பெயர் எதுவும் சொல்லாமல் ஒரு கவிதையை வாய்விட்டுப் படித்தார். அறை அமைதியாயிற்று. ‘யாருடையது ஐயா?’ என்று கேட்டவள் நான்தான். அவர் விடையொன்றும் கூறாமல் தாளைத் திருப்பிக் காட்டினார். கோடிட்ட தாள்! என் கைவழியே சென்ற தாள்! முனைவர் பட்டம் என் செவியைக் கூர்மையாக்கியிருக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். அது என் செவிக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு திரையாகவும் தொங்கக்கூடும் என்பதை அன்று உணர்ந்தேன். அக்கவிதை மலரில் இடம்பெறுகிறது. எது என்று கூறமாட்டேன். எல்லாவற்றையும் படித்துக் கண்டுகொள்ளுங்கள்.

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடியிருக்கிறோம். அவ்வளவு கூட்டங்களிலும் மேடையேறியவர்களை எண்ணிப் பாருங்கள். நாமே வந்தோம், நாமே பாடினோம், நாமே கைதட்டினோம். நம்மிடையே நல்ல கவிஞர்கள் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், வாயிலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர் எத்தனை பேர் என்பதற்கு நம்மிடம் கணக்கேடு இல்லை.

ஆதலால் மூன்று வேண்டுகோள்களை இவ்வவையின்முன் வைக்கிறேன். முதலாவது, மூன்று கூட்டங்களுக்கு ஒன்று எங்கும் அச்சேறாதவர்க்கே உரியதாகட்டும். அன்று நாம் பாட வேண்டா; கேட்போம். இரண்டாவது, தேர்வுக்கு வரும் கவிதைகளைப் பெயர் மறைத்து ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் கேட்டு முடிவு செய்யட்டும். மூன்றாவது, அவ்வாறு அழைக்கப்படுபவர்க்குப் பேருந்துச் செலவும் ஒரு வேளை உணவும் வட்டத்தின் நிதியிலிருந்து வழங்கப்படட்டும். இது சிறு தொகைதான். ஆனால் நெடுந்தொலைவிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு, இவ்வவை தன்னை உண்மையாகவே அழைத்திருக்கிறது என்பதை வாழ்த்துரையைவிட அதுவே தெளிவாக உணர்த்தும்.

ஆங்கில நாட்டில் கிளாஸ்டன்பரி என்னும் இசைவிழாவில் புதிய குழுக்களுக்கென ஒரு பந்தல் உண்டு. பீல் மறைந்தபின், 2005இல் அதற்கு அவர் பெயரைச் சூட்டினர். 2023இல் அப்பெயரை மாற்றிவிட்டனர். பூரிக்கோ என்ற பெயருக்கு மேல் அவரைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு. கேட்பிப்போரின் பெயர் மங்குவது உலகியற்கை. அதற்காக வருந்த வேண்டியதில்லை. அவர்கள் கேட்டதனால் நின்ற பாட்டு நிற்கிறதல்லவா, அதுவே அவர்க்குரிய நினைவுச் சின்னம்.

இன்னும் பத்தாண்டு கழித்து இவ்வட்டத்தின் இருபதாம் ஆண்டு விழா நடைபெறும். அன்று இம்மேடையில் நிற்பவர், இன்று நம்மில் எவரும் அறியாத ஒருவராக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். அவர் இவ்வேளையில் எங்கோ ஒரு கோடிட்ட தாளில் எழுதிக்கொண்டிருக்கக்கூடும். அவர்க்காக நம் செவியைத் திறந்து வைப்போம்.